நாலு மணிக்கு ஓர் ஐந்தெழுத்துச் சொல்

நோட்டீஸ் பலகையில் ஒன்றை ஒட்டிவிட்டால் அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்று நம்புகிற ஆள் ஆனந்தராசா. முப்பத்தொரு வருடம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு மீனவர் சங்கத்துக்குச் செயலாளராக வந்து உட்கார்ந்தவர். கடலில் கால் நனைப்பதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டுமே என்று யோசிப்பார். ஆனாலும் திருகோணமலைத் துறையிலிருந்து புறப்படுகிற சங்கத்துப் படகுகள் எத்தனை மணிக்குப் போயின, எங்கே நின்றன, எப்போது திரும்பின என்பதெல்லாம் அவருடைய நீல மட்டைப் பதிவேட்டில் கோடு பிசகாமல் இருக்கும். அந்தப் பதிவேட்டை அவர் தன் கண்ணைவிட அதிகமாக நம்பினார். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

சங்க அலுவலகத்தில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. பெரிய பலநாள் படகுகளுக்கு அவை நிற்கிற இடத்தைத் தானாகவே காட்டிக்கொடுக்கிற கருவி உண்டு. சங்கத்துப் படகுகளோ முப்பத்திரண்டு அடிக்காரர். ஐஸ் ஏற்றிக்கொண்டு போய் மூன்று நான்கு நாள் நின்று பிடித்து வருகிறவர்கள். பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டினால் கைத்தொலைபேசி மணி பார்க்க மட்டுந்தான் உதவும். அதனால் பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொரு படகும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, இன்ன இடத்தில் சுகமாக நிற்கிறோம் என்று சொல்லவேண்டும் என்பது சங்கத்துச் சட்டம்.

சட்டம் சுவரில் தொங்கியது, செட் சும்மா கிடந்தது. கடலில் நல்ல இடம் கண்டவன் அதை வாய் திறந்து சொல்வானா? சொன்னால் மறுநாள் விடிய அங்கே பத்துப் படகு நிற்கும். ஆகவே ஓட்டிகள் ஒன்றில் கூப்பிடவே மாட்டார்கள், அல்லது கூப்பிட்டுப் பச்சைப் பொய் சொல்வார்கள். தெற்கே நிற்கிறவன் வடக்கு என்பான், முப்பது மைலில் நிற்கிறவன் பத்து என்பான். மச்சானுக்கும் அதே பொய், கட்டின மனைவிக்கும் அதே பொய். இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். எந்தப் பக்கத்துப் பொய் என்பதுதான் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் செட்டைப் பார்த்துக்கொள்ள ஷிஃபானா வந்தாள். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலத்தால் பஸ்ஸில் வருகிற இருபத்தொன்பது வயதுப் பெண். வந்த முதல் வாரம் நாலு மணிக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கடல்ல நிக்கிற ஆரும் கதைக்கிறீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். வேறு யாராவது என்றால் சம்பளம் வந்தால் சரி என்று இருந்திருப்பார்கள். இவள் அப்படிப்பட்ட பிறவி இல்லை. இரண்டாவது திங்கட்கிழமை மைக்கை எடுத்தாள், ஒரு விடுகதை போடுகிறவளின் குரலில் சொன்னாள்:

"இண்டைக்கு ரெண்டு எழுத்துத் தாறன். ரெண்டும் இருக்கிற ஐஞ்செழுத்துச் சொல் ஒண்டு சொல்லோணும். புள்ளி எழுத்தும் ஒரு எழுத்துதான். பொருளும் சொல்லோணும். ஏலுமெண்டால் பாருங்க."

ஐந்தெழுத்து ஏன் என்று ஆனந்தராசா ஒருநாள் கேட்டார். "ஒரு கை சுக்கான்ல இருக்கும் சேர். மத்தக் கையில ஐஞ்சு விரல்தானே இருக்கு, எண்ண" என்றாள். அந்தப் பதிலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி பூரணியிடம் இரண்டு தரம் சொன்னார்.

முதல் நாள் மூன்று படகுகள் கூப்பிட்டன. இரண்டாம் வாரம் கடலில் நின்ற அத்தனை படகும் கூப்பிட்டது. மூதூர் நௌபர் தன் மகளுடைய அகராதியைப் பொலித்தீனில் சுற்றிப் படகில் கொண்டுபோய், அதிலிருந்து பொருள் வாசிக்கத் தொடங்கினார். ஷிஃபானா விடவில்லை. "புத்தகப் பொருள் செல்லாது நானா. உங்கட கண்ணால கண்டதை உங்கட வாயால சொல்லுங்க" என்று அந்த மூத்த அண்ணனுக்கே புதுச் சட்டம் போட்டாள். அந்த ஒரு சட்டம் போட்டாளே, அதற்காகவே அவளுக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம். அதுவரை பாடம் ஒப்புவித்த ஆட்கள் அன்றிலிருந்து கதைக்கத் தொடங்கினார்கள். நல்ல பொருளை அவள் மறுநாள் எல்லாப் படகுக்கும் கேட்கும்படி வாசிப்பாள். பரிசு அவ்வளவுதான். அதற்காக மீசை நரைத்தவர்கள் கடல் நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். போகும்போது மறுநாளைக்கு உரிய எழுத்தையும் சொல்லிவிட்டுத்தான் செட்டை நிறுத்துவாள். சொற்களையும் பொருள்களையும் எழுதி வைக்க ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தாள்.

அந்தக் கொப்பியில் மற்ற எல்லாரையும் தூக்கி விழுத்துகிற ஆள் கிண்ணியா முனாப். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், வயது நாற்பத்தேழு. எப்போதும் கடைசியாகத்தான் வருவார். மற்றவர்கள் சொல்லி முடித்து, மணி நாலே கால் ஆனபிறகு, "பொறு தங்கச்சி, சொல் இன்னும் வலையில ஏறல்ல" என்றொரு குரல் கேட்கும். பிறகு வருவதைக் கேட்பதற்காகவே மற்றப் படகுகள் செட்டை நிறுத்தாமல் காத்திருக்கும்.

ஆனந்தராசா இதையெல்லாம் ரசிக்கவில்லை என்று சொன்னால் அது ஓட்டிகளின் பொய்யைவிடப் பெரிய பொய். நாலு மணிக்குத் தன் அறைக் கதவைப் பாதி திறந்து வைப்பார். கேட்டால், காற்றோட்டத்துக்கு என்பார்.

அந்த ஆவணி மாதம் கச்சான் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளுகிற காற்று. சனிக்கிழமை விடிய முனாப் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார். புதன் விடிய ஏலத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் 'ட்', 'ம்' என்று இரண்டு எழுத்து. சம்பூர் சுகிர்தன், "பட்டினம். நாங்கள் பிடிச்ச மீனை எங்களுக்கே தெரியாத பேரில விக்கிற இடம்" என்றார். முனாப் நாலே காலுக்கு வந்தார். "நீரோட்டம். மலைநாட்டில பெய்த மழையைக் கடலுக்கும் காட்டோணுமெண்டு, ஆத்துவாழையையும் இழுத்துக்கொண்டு வாறது" என்றார். இடம் கேட்டபோது, "புல்மோட்டைக்கு நேர் கிழக்கே பதினெட்டு மைல்" என்றார். ஆனந்தராசா இடத்தைப் பதிவேட்டில் எழுதினார், ஷிஃபானா பொருளைக் கொப்பியில் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை 'கை'யும், கூடவே ப வரிசையில் ஏதாவது ஓர் எழுத்தும். நௌபர் சொன்னது தும்பிக்கை: "கந்தளாய் றோட்டில வாழைக்குலை லொறியை மறிக்கிற கை." முனாப் சொன்னது தலைப்பாகை: "விடியக்காலைல கரைப்பக்கம் தனிய நிக்கிற மலை, வெயிலுக்குப் பயந்து மேகத்தால கட்டுறது."

திங்கட்கிழமைதான் சனியன் ஜீப்பில் வந்தது. வெளியூரிலிருந்து சங்கத்தைப் பார்வையிட ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். ஆனந்தராசா அவருக்குப் பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது மணி நாலடித்தது. எழுத்து 'ங்', 'ம்'. பக்கத்து அறையிலிருந்து சுகிர்தனின் குரல் கணீரென்று வந்தது. "சங்கடம். பெண்சாதியின்ர தம்பி என்ர படகில வேலைக்கு வாறது!" ஏழெட்டுப் படகிலிருந்து சிரிப்பு. வந்தவர் சிரிக்கவில்லை.

"இதென்ன, வயர்லெஸ்ஸா, பாலர் வகுப்பா?" என்று கேட்டார்.

ஆனந்தராசாவுக்கு முகம் செத்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் அவரைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முனாப் கடைசியாக வந்து, "நங்கூரம். எம்பது பாகம் கயிறு விட்டும் தரை தட்டாமல், வேலையில்லாமல் தொங்குற இரும்பு" என்று சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை; இடத்தை மட்டும் கை தன்பாட்டில் பதிவேட்டில் எழுதியது. ஷிஃபானா, "நாளைக்கு எழுத்து 'க்', 'ல்'" என்று சொல்லி முடித்ததும் ஏறவில்லை.

செவ்வாய் காலை பலகையில் நோட்டீஸ் ஏறியது. 'வயர்லெஸ் சேவையில் சொல் விளையாட்டு உடனடியாக நிறுத்தப்படுகிறது. அவசியமான தகவல்கள் மட்டும் ஏற்கப்படும்.' கீழே கையெழுத்து, திகதி, முத்திரை. அதையே எட்டு மணிக்கு மைக்கிலும் வாசித்தார். ஷிஃபானாவைப் பின்னறையில் பழைய அங்கத்தவர் படிவங்களைப் பிரதி பண்ண அனுப்பிவிட்டு, நாலு மணிக்குத் தானே செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. அவசியமான தகவல் மட்டும் என்று செயலாளரே சொல்லிவிட்டார். அவர்களிடம் அவசியமான தகவல் எதுவும் இல்லை. விளையாட்டு இல்லாத செட்டை எதற்குத் திறந்து வைப்பது என்று எல்லாப் படகும் நிறுத்தியும்விட்டன. நாலு பத்துவரை இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்த ஆனந்தராசா கையை நீட்டிச் செட்டை நிறுத்தினார்.

ஷிஃபானா வாசலுக்கு வந்தாள். "சேர், முனாப் நானா பிந்தித்தான் வருவார். இன்னும் ஒரு ஐஞ்சு நிமிசம்…"

"அவசியமெண்டால் நேரத்துக்கு வரட்டும், பிள்ளை" என்றார் ஆனந்தராசா. என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

புதன்கிழமை விடிந்தது, முனாப்பின் படகு வரவில்லை. ஒன்பது மணிக்கு அவருடைய மனைவி நபீஸா அலுவலகத்துக்கு வந்தாள். பதறிக்கொண்டு வரவில்லை, தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"சேர், என்ட மனிசன் இன்னும் வரல்ல. காத்துக்குப் பிந்துதாக்கும் எண்டு பாத்தன். அப்பிடிப் பிந்துறவர் இல்ல."

ஆனந்தராசா பதிவேட்டைத் திறந்தார். புல்மோட்டைக்கு நேர் கிழக்கே, பதினெட்டு மைல். மூன்று நாளும் அதே இடம், அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில். கடற்படைக்குத் தொலைபேசி எடுத்து அதை வாசித்தார். அவர்கள் உடனே ஒரு படகை வடக்கே அனுப்பினார்கள். துறையில் நின்ற சங்கத்துப் படகுகள் இரண்டும் கேட்காமலே வடக்கே ஓடின. ஆனந்தராசாவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பதிவேடு என்று ஒன்று இருப்பது இப்படிப்பட்ட நாளுக்குத்தானே!

பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கும் ஒன்றும் இல்லை. கச்சான் அலுவலகத்துத் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்ற படகை அந்தக் காற்று மணிக்கொரு மைல் வெளியே தள்ளும் என்று துறையில் நின்றவர்கள் மெதுவான குரலில் கதைத்தார்கள். நாலு பேருக்கும் இருக்கிற தண்ணீர் இன்னும் ஒருநாள் காணும் என்றும் கதைத்தார்கள்.

"சேர், கடைசியா எப்ப கதைச்சவர்?" என்று நபீஸா கேட்டாள்.

"திங்கள்."

"செவ்வாய் கதைக்கல்லையா? அவர் நாலு மணியை விடமாட்டாரே. அந்தச் சொல்லுக்காகவே கூப்பிடுவாரே."

ஆனந்தராசா நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய தோளுக்கு மேலாலே நோட்டீஸ் பலகை தெரிந்தது. முத்திரையோடு பளிச்சென்று தெரிந்தது. நாலு பத்துக்குச் செட்டை நிறுத்திய கை அவருடைய மடியில்தான் கிடந்தது. நேற்று விளையாட்டு நடந்திருந்தால், முனாப் வராத அந்த நாலேகாலுக்கே இவ்வளவு பேரும் எழும்பியிருப்பார்கள். ஒரு முழு நாளை அவர் கடலில் கொட்டிவிட்டார். அவருக்கு அழவேண்டும் போலிருந்தது, அழுகிற உரிமையும் தனக்கில்லை என்று பட்டது.

அப்போதுதான் ஷிஃபானா பின்னறையிலிருந்து வந்தாள். கையில் அந்த சி.ஆர். கொப்பி. திறந்து கிடந்த பதிவேட்டின் மேல் அதைத் திறந்து வைத்தாள்.

"சேர், முனாப் நானா வடக்க இல்ல. தெற்க."

"பிள்ளை, அவர் தன்ர வாயாலயே சொன்னவர். மூண்டு நாளும் எழுதியிருக்கிறன்."

"இடம் கேட்டால் பொய்தான் சொல்லுவாங்க சேர். இது தெரியாதா உங்களுக்கு? சொல்லுக்குப் பொருள் கேட்டால் ஆரும் பொய் சொல்றல்ல. கண்ணுக்கு முன்னால இருக்கிறதைத்தான் சொல்லுவாங்க. முனாப் நானா கூடுதலா அப்பிடி. கண்ணால காணாத ஒண்டையும் அவர் இந்த ரெண்டு வருசத்தில சொன்னதில்ல."

விரலை வைத்து வாசித்தாள். சனிக்கிழமை, நீரோட்டம். "ஆத்துவாழை எண்டு சொல்லியிருக்கார். ஆத்தில மிதக்கிற செடி கடலுக்கு எப்பிடி வரும்? மலைநாட்டில இப்ப மழை. மகாவலி பெருகித் தெற்க கடலில விழுகுது. புல்மோட்டைப் பக்கம் இந்த மாசத்தில ஒரு ஆறும் ஓடாது." ஞாயிற்றுக்கிழமை, தலைப்பாகை. "கரைப்பக்கம் தனிய நிக்கிற ஒரு மலை. விடியக்காலைல தெரியுது." திங்கட்கிழமை, நங்கூரம். "எம்பது பாகத்துக்கும் தரை தட்டல்ல. அப்ப நல்ல ஆழத்தில நிண்டிருக்கார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும் சேர். அந்த மலை எந்த மலை எண்டு எனக்குத் தெரியாது. கடலுக்குப் போறவங்களுக்குத் தெரியும்."

வாசலில் சம்பூர் சுகிர்தன் நின்றுகொண்டிருந்தார். முதல்நாள் இரவுதான் கரைக்கு வந்தவர். அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும்; பலகாரத்தைக் களவெடுத்துத் தின்ற பிள்ளையின் முகம். மூன்று வருடமாக அவரும் சங்கத்துக்குச் சொல்லிவருவது, "நிலாவெளிக்கு வெளியே."

"அது குடும்பிமலை" என்றார் கடைசியில். "வெருகலுக்குத் தெற்க இறங்கினால்தான் அப்பிடித் தனியாத் தெரியும். அந்த ஆழம் எங்க விழுகுதெண்டும் தெரியும். வெருகல் முகத்துக்கு நேரே பதினேழு மைல்."

"நிச்சயமோ?" என்றார் ஆனந்தராசா.

"என்னண்டு நிச்சயமில்லாமல்? நானும் அங்கதான் போறனான், ஐயா!"

வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் அது கேட்டது. ஒரு மீனவன் பத்து வருடத்தில் ஒரு தரம் கண்டுபிடிக்கிற இடத்தை, எல்லார் முன்னாலும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார் அந்த மனிதர். ஒருவரும் சிரிக்கவில்லை. சுகிர்தன் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கடதாசியில் ஒரு கோடு போட்டார். செவ்வாய் விடிய எஞ்சின் நின்றிருந்தால், வலையைத் தண்ணீரில் விட்டு முனாப் இழுவையைக் குறைத்திருப்பார். அவருக்கு அந்த மூளை உண்டு. அப்படியானால் கச்சானுக்கு இவ்வளவு, நீரோட்டத்துக்கு இவ்வளவு. பென்சில் முனை கடலின் வெகு தூரத்தில் ஒரு புள்ளியில் நின்றது.

ஆனந்தராசா மறுபடியும் தொலைபேசியை எடுத்தார். காலையில் புல்மோட்டை என்று சொன்னவர் இப்போது வெருகல் என்றால் மறுமுனையில் என்ன நினைப்பார்கள்? அந்த அதிகாரி அதைத்தான் கேட்டார், இந்தத் தகவல் யார் தந்தது என்று. ஆனந்தராசா ஒரு கணம் நிமிர்ந்து ஷிஃபானாவைப் பார்த்தார். பயந்துபோய்த்தான் நின்றாள். ஆனாலும் அவருடைய கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையையா பின்னறையில் படிவம் எழுத விட்டோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"படகோட்டியே சொன்னது" என்றார். "நாங்கள்தான் இவ்வளவு நேரமும் கேக்கேல்லை."

ஐந்தே முக்காலுக்கு, பொழுதுபடுவதற்கு முன், தொலைபேசி அடித்தது. சுகிர்தனின் புள்ளியிலிருந்து நாலு மைல் கிழக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு பேரும் உயிரோடு. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நபீஸா அன்றைக்கு முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் உடைந்து அழுதாள். ஷிஃபானா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். ஆனந்தராசா வெளியே போய்த் துறையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

வியாழக்கிழமை காலை படகைக் கட்டி இழுத்துவந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, முனாப் இறங்கினார். அலுவலகத்துக்குள் வந்து, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்தார், இன்னொன்று கேட்டார். அதையும் குடித்த பிறகுதான் ஆனந்தராசாவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் ஆனந்தராசாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"செவ்வாய் விடிய எஞ்சின் நிண்டது சேர். பற்றரியை மிச்சம் பிடிக்கச் செட்டை நிப்பாட்டிப்போட்டுப் பகல் முழுக்கத் திருத்திப் பாத்தம். பின்னேரம் நாலே காலுக்குக் கூப்பிட்டனான். எஞ்சின் கதையும் சொன்னனான், சொல்லும் சொன்னனான். மறுமொழி வரல்ல. செட்தான் பிழையாக்கும் எண்டு அரை மணித்தியாலம் திருப்பித் திருப்பிச் சொன்னன். அதோட பற்றரி செத்துப்போச்சு."

ஷிஃபானா மெதுவாக, "என்ன சொல் நானா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முனாப்பும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போலச் சட்டென்று கையை விரித்து, விரலை மடக்கி எண்ணிச் சொன்னார்.

"கூக்குரல். 'க்' இருக்கு, 'ல்' இருக்கு. ஐஞ்சு."

"பொருள்?"

"நாலு மணிக்கு வயர்லெஸ்ஸில போடுற சத்தம். கேக்க ஆள் இருந்தால் அதுக்குப் பேர் கதை. ஆள் இல்லாட்டிக் கூக்குரல்."

சொல்லிவிட்டு நபீஸாவோடு வீட்டுக்குப் போனார். ஆனந்தராசா எழும்பிப் பலகைக்குப் போனார். ஒட்டும்போது நாலு மூலைக்கும் பசை தாராளமாகப் போட்டிருந்தார். உரித்தெடுக்க நகம் வலித்தது. கையெழுத்து, திகதி, முத்திரை எல்லாவற்றையும் சேர்த்துக் கிழித்தார். கடைசித் துண்டையும் சுரண்டி எடுத்தபிறகுதான் திரும்பினார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஒன்பது படகுகள் கூப்பிட்டன. எழுத்து 'ள', 'ம்'. முனாப் எஞ்சின் திருத்த ஆள் பார்க்க வந்தவர், செட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படகும் சொல்லி முடித்தது. ஆனந்தராசா தன் அறையிலிருந்து வந்தார். வழக்கமாகக் கதவைப் பாதி திறந்து வைக்கிறவர் அன்றைக்கு முழுதாகத் திறந்துகொண்டு வந்தார். நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்டு சொல்லலாமோ?"

ஷிஃபானா மைக்கை அவர் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்பது படகும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிப்பு" என்றார் ஆனந்தராசா.

ஷிஃபானா விரலை மடக்கி எண்ணினாள். சட்டம் என்றால் அவளுக்கும் சட்டம்தான். "ஐஞ்செழுத்து சரி சேர். ஆனா 'ள'வும் இல்ல, 'ம்'மும் இல்ல. செல்லாது."

கடலிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. சுகிர்தனின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. ஆனந்தராசாவும் அசட்டுத்தனமாகச் சிரித்தார்; கண் கலங்கியதை மறைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொறு தங்கச்சி" என்றார் முனாப். "சொல் செல்லாட்டிப் பரவாயில்ல. பொருளைக் கேளு."

ஷிஃபானா கேட்டாள். ஆனந்தராசா கொஞ்ச நேரம் யோசித்தார். புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல ஏலாது. அது அவருக்கும் தெரியும்.

"எழுதின கையாலேயே கிழிக்கிறது" என்றார்.

இந்தத் தடவை கடலில் ஒருவரும் சிரிக்கவில்லை. முனாப் தலையை மெல்ல ஆட்டி, "அதை எழுதி வை" என்றார். ஷிஃபானா கொப்பியைத் திறந்து திகதியைப் போட்டாள். சொல்லுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டு, பொருளை மட்டும் எழுதினாள்.